கேள்விக்குப் பதில் தெரிந்தவன் எல்லாம் கணக்கின் சொந்தக்காரனா?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திடம் வீடு இல்லாமல் இருக்கலாம். காணி உறுதி மண்ணோடு போயிருக்கலாம். பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகங்கள்கூட மிஞ்சாமல் இருக்கலாம். ஆனால் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி ஐந்தாறு மட்டும் ஒரு பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருக்கும். கிராம உத்தியோகத்தருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, உலர் உணவு கொடுக்க வரும் நிறுவனத்துக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று என்று கேட்ட இடமெல்லாம் கொடுத்துப் பழகியவர்கள் எமது மக்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளில் இருந்த குடும்பங்களை வெளியேற்றியபோது, பட்டியல்கள் மறுபடியும் எழுதப்பட்டன. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. வீட்டுக்கு, பயிருக்கு, பாத்திரபண்டங்களுக்கு என்று வேறு கொடுப்பனவுகளும் பேசப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்திலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம்.

வங்கியைத் தொலைபேசியில் அழைத்தால் அங்கிருப்பவர் எம்மை எப்படி அடையாளம் காண்கிறார்? முகத்தை அவர் பார்க்க முடியாது. கையொப்பத்தையும் பார்க்க முடியாது. ஆகவே பொதுவாகச் சில கேள்விகள் கேட்பார். முழுப்பெயர் என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன, பிறந்த திகதி என்ன, விலாசம் என்ன, தாயாரின் பெயர் என்ன. சரியாகச் சொன்னால் நாம் கணக்கின் சொந்தக்காரர். பிழையாகச் சொன்னால் அந்நியர். வங்கியின் இந்தக் கேள்விகளையும் நிவாரணப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது

எமது தேசிய அடையாள அட்டை 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்டு வருகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே ஓர் இலக்கம் 68600 என்று தொடங்கினால், அது 1968இல், ஆண்டின் நூறாவது நாளில், அதாவது ஏப்ரல் 9ஆந் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் கணக்கு இதுவே. ஆண்டு மாத்திரம் நான்கு இலக்கமாக முழுமையாக வரும்.

எனவே இலக்கத்தை வைத்திருப்பவனுக்குப் பிறந்த திகதியைத் தனியே தேட வேண்டிய அவசியமில்லை. வங்கியில் இவை இரண்டு கேள்விகளாகக் கேட்கப்படுகின்றன. உண்மையில் ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்பதுதான் அங்கே நடக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடுவான். வங்கிகளுக்கும் இது தெரியாத விடயமல்ல.

இந்த இலக்கத்துக்கு எமது மக்கள் மத்தியில் ஒரு தனி வரலாறு உண்டு. மலையகத் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், பிரஜாவுரிமை இல்லாமல், அட்டை பெற முடியாமல் தலைமுறைகளைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே பலருக்கு அந்தக் கதவு திறந்தது. வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தவர்களுக்கோ யுத்த காலத்தில் சோதனைச் சாவடி தோறும் அட்டையை நீட்டுவது உயிர்ப் பிரச்சினை. அட்டை இருந்தால் வீடு திரும்பலாம். இல்லாவிட்டால் எங்கே கொண்டு போவார்கள் என்று தெரியாது. இப்படிக் கஷ்டப்பட்டுப் பெற்ற, இப்படிப் பயந்து பயந்து காட்டிய ஒன்றை “யாருக்கும் கொடுக்காதீர்கள்” என்று இன்று சொல்வது எளிது. அதிகாரக் குரல் ஒன்று கேட்டால் உடனே இலக்கத்தைச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று நாற்பது ஆண்டுகளாக எமது மக்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது. தொலைபேசித் திருடன் பயன்படுத்துவது இந்தப் பழக்கத்தையே.

தாயின் பெயரும் இரகசியமில்லை. மேல்நாடுகளில் பெண் திருமணத்தோடு தன் குடும்பப் பெயரை மாற்றிவிடுவாள். ஆகவே தாயின் பழைய பெயர் வெளியாருக்குத் தெரியாது என்று கருதி இந்தக் கேள்வியை உண்டாக்கினார்கள். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து வங்கியாளர் வில்லியம் ஹேடன் என்பவர் 1906இலேயே தமது சேமிப்பு வங்கியில் கையொப்பத்துக்குத் துணையாகப் பிறந்த இடம், தாயின் கன்னிப் பெயர், தொழில், வயது ஆகியவற்றை எழுதி வைத்துக் கேட்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே மேசையின் இரு பக்கத்தில் நின்றார்கள். அந்த மேசைக் கேள்வி தொலைபேசிக்குள் போய், எமது நாட்டுக்கும் வந்துவிட்டது.

எங்களிடமோ பெற்றோரின் பெயரை ஒளித்து வைக்கும் வழக்கமே இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து எமது பெயருக்கு முன்னால் நிற்கிறது. மரண அறிவித்தல் ஒன்றை வாசித்துப் பாருங்கள். எங்கே பிறந்தவர், எங்கே வசித்தவர், யார் யாருடைய மகள், யாருடைய மனைவி, யார் யாருடைய சகோதரி, மருமக்கள் யார், பேரப்பிள்ளைகள் யார் என்று ஒன்றும் விடாமல் அச்சிட்டுச் சந்தியில் ஒட்டுகிறோம். பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் அதையே இன்னும் அழகான எழுத்தில் செய்கிறது. ஞானஸ்நான இடாப்பில் ஒரு வரி எழுதும்போது பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தந்தை, தாய், ஞானப் பெற்றார் என்று வங்கி கேட்கக்கூடிய அத்தனையும் ஒரே வரியில் வந்துவிடுகிறது. “நீங்கள் முதலில் படித்த பாடசாலை எது?” என்பது இன்னொரு கேள்வி. ஒரு தோட்டப் பிரிவில் பிறந்த இருநூறு பேருக்கும் அதற்கு ஒரே பதில்தான். ஒரே லயத்தில் வளர்ந்தவர்களுக்கிடையில் இரகசியம் என்று என்ன இருக்க முடியும்?

பெரிய இடத்து மனிதர்களுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. 2008இல் அமெரிக்காவில் உபஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் அம்மையாரின் மின்னஞ்சல் கணக்கை ஒரு கல்லூரி மாணவன் திறந்தான். பூட்டை உடைக்க அவனுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பிறந்த திகதி, தபால் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மூன்றையும் பகிரங்கமாகக் கிடைத்த தகவல்களிலிருந்து எடுத்துப் பதிலாகக் கொடுத்தான், கடவுச்சொல் மாறியது. தலைவர்களின் வாழ்க்கை பத்திரிகைகளில் கிடக்கிறது; ஏழைகளின் வாழ்க்கை நிவாரணப் பட்டியல்களில் கிடக்கிறது. சில வேளைகளில் அந்தப் பட்டியல் கடலைச் சுருளாகவும் கைக்கு வருகிறது. கண்டி பஸ் நிலையத்தில் கடலை வாங்கித் தின்றுவிட்டுச் சுருளைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும்.

திருடன் சித்தியடைகிறான், சொந்தக்காரி தோற்கிறாள்

எமக்குத் தெரிந்த ஒரு தாய் கண்டிக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் போஞ்சியும் கறிமிளகாயும் பயிரிட்டு வாழ்ந்தவர். மண்சரிவில் காணியின் பாதி போய்விட்டது. மிகுதியில் குடியிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாடசாலை மண்டபத்தில் சில வாரங்கள், பிறகு உறவினர் வீட்டில் ஓர் அறை. ஒரு நாள் பிற்பகல் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் நல்ல தமிழில், “அம்மா” என்று மரியாதையாகப் பேசினான். தான் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னான். அவருடைய பெயர், கணவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லாவற்றையும் அவனே சொல்லி, “சரியா அம்மா?” என்று கேட்டான். எல்லாம் சரியாக இருந்தன. நிவாரணத்தின் அடுத்த பகுதி வந்திருப்பதாகவும், அட்டையில் ஒரு தடை இருப்பதால் பணம் திரும்பிப் போகப் போவதாகவும் சொன்னான். அட்டையின் முன்பக்கத்துப் பதினாறு இலக்கங்களையும் பின்பக்கத்து மூன்று இலக்கங்களையும் கேட்டான். பிறகு, “இப்போது உங்கள் போனுக்கு ஓர் இலக்கம் வரும், அதையும் வாசியுங்கள்” என்றான். அந்தத் தாய் வாசித்தார். மாலையில் பார்த்தபோது கணக்கில் சில நூறு ரூபாய்களே மிஞ்சியிருந்தன.

இந்தக் கதையில் இதற்குப் பின் நடந்ததையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அட்டையை நிறுத்துவதற்காக மகன் வங்கியின் இலக்கத்துக்கு அழைத்துக் கொடுத்தான். மூன்று மொழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் குரல், பிறகு இசை, பிறகு காத்திருப்பு. இறுதியில் ஓர் ஊழியர் வந்து, அட்டையை நிறுத்துவதற்கு முன் அவரை அடையாளம் காண வேண்டும் என்று கேள்விகளைத் தொடங்கினார். பிறந்த திகதி? அந்தத் தாய் தம் தாயார் சொல்லித் தந்த உண்மையான பிறந்த நாளைச் சொன்னார். அட்டையில் இருப்பது வேறு திகதி. பிந்திப் பதிந்த பிறப்புகளில் இப்படி நடப்பது எமது பகுதிகளில் சாதாரணம். தாயாரின் பெயர்? வங்கிப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தவர் வேறொருவர். பெயரை எப்படி எழுதினார், முழுப்பெயரை எழுதினாரா வீட்டுப் பெயரை எழுதினாரா என்பது இவருக்குத் தெரியாது. இரண்டு பதிலும் பிழை. கிளைக்கு நேரில் வரும்படி சொல்லி அழைப்பு முடிக்கப்பட்டது. அடுத்த நாள் சனிக்கிழமை.

ஒரு பட்டியலைப் பார்த்து வாசித்த திருடனுக்கு எல்லாப் பதிலும் சரியாக வந்தன. சொந்த வாழ்க்கையை நினைவிலிருந்து சொன்ன தாய் பரீட்சையில் தோற்றுப் போனார். இது அவருக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015இல் தம்மிடமிருந்த இப்படியான கேள்வி பதில்களை ஆராய்ந்தார்கள். ஆங்கிலம் பேசுவோரின் “விருப்பமான உணவு எது” என்ற கேள்விக்கு, ஒரே ஒரு தரம் ஊகித்தே சரியான பதிலைச் சொல்லும் வாய்ப்பு 19.7 வீதமாக இருந்தது. மறுபக்கத்தில், அமெரிக்காவின் ஆங்கிலம் பேசும் பாவனையாளர்களில் 40 வீதமானோருக்குத் தாம் முன்பு கொடுத்த பதில் தேவைப்பட்ட வேளையில் நினைவுக்கு வரவில்லை. கள்ளனுக்குத் திறந்தும் வீட்டுக்காரனுக்குப் பூட்டியும் இருக்கும் கதவு என்று இதைச் சொல்லலாம்.

திருடன் வேறொரு வழியிலும் போகலாம். உங்களை அழைக்காமலே, உங்கள் பெயரில் வங்கியை அழைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கணக்கில் பதிந்திருக்கும் தொலைபேசி இலக்கத்தை மாற்றும்படி கேட்பான். அல்லது தொலைபேசி நிறுவனத்திடம் போய், “சிம் தொலைந்துவிட்டது” என்று உங்கள் இலக்கத்துக்குப் புதிய சிம் எடுக்கப் பார்ப்பான். அது நடந்துவிட்டால் வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கம் நேராக அவன் கைக்கே போகும். உங்கள் போனில் காரணமில்லாமல் மணிக்கணக்கில் சிக்னல் இல்லாமல் போய், பக்கத்து வீட்டாருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்தால், அதை மழையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

ஈசாக்கின் கூடாரம்

ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரம் எமது வாசகர்களுக்குப் பழக்கமானது. கண் மங்கிய ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவுக்கு ஆசீர் கொடுக்க இருந்தார். யாக்கோபு ஏசாவாக நடித்து வந்தான். நீ யார் என்று தகப்பன் கேட்டார். மகன் தயங்காமல் பொய்ப் பதில் சொன்னான். குரல் இடித்தது. ஈசாக்கு அதைக் கவனித்தார். ஆனால் கையைத் தடவிப் பார்த்தபோது ஆட்டுத்தோலின் உரோமம் இருந்தது. அண்ணனின் உடையில் அண்ணனின் மணம் இருந்தது. ஆசீர் போய்விட்டது. ஏசா வந்து அழுதபோது அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

இந்த ஏமாற்றுக்குத் தேவையான தகவல் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கல்வி வகுப்புகளில் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ரெபேக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவருக்கு என்ன உணவு பிடிக்கும், ஏசாவின் உடை எங்கே இருக்கிறது, ஏசாவின் கை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேள்விகளால் ஆளை அறியும் முறை முதலில் உடைவது இப்படி உள்வீட்டிலேதான். கணக்குப் புத்தகத்தைப் பார்த்த மருமகன், படிவத்தை நிரப்பிக் கொடுத்த இளைஞன், கடனுக்கு ஈடாக அட்டையை வாங்கி வைத்திருக்கும் கடைக்காரர், பட்டியலைக் கைபேசியில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிய தொண்டர். இவர்களில் ஒருவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. படம் ஒரு தரம் கைமாறினால் போதும்.

மறுமுனையில் இருப்பவர்கள்

தொலைபேசி மோசடி என்றதும் தனியாள் ஒருவனைக் கற்பனை செய்கிறோம். அது இன்று ஒரு கைத்தொழில். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜாம்தாரா என்றொரு மாவட்டம் உண்டு. வங்கி முகாமையாளர் போல் பேசி அட்டை விபரங்களைக் கறக்கும் இளைஞர்களால் அந்த ஊரின் பெயரே இந்தியா முழுவதும் மோசடிக்கு மறுபெயராகிவிட்டது. எமது பக்கத்திலும் நடந்தது. 2024 ஒக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் ஒரு ஹோட்டலைச் சுற்றிவளைத்த பொலிசார் இணையவழி நிதி மோசடி தொடர்பாக 120க்கும் அதிகமான சீனப் பிரஜைகளைக் கைது செய்தார்கள். அந்த மாதத்தில் நாடு முழுவதிலும் கைதானவர்கள் இருநூறுக்கு மேல். கணினிகளும் கைத்தொலைபேசிகளும் நூற்றுக்கணக்கில் பிடிபட்டன. மரக்கறி லொறிகள் போகும் அதே வீதிக்கு அருகில், இத்தனை பேர் அறை எடுத்து இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பேசுகிற எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. கணினி வேலை என்று விளம்பரத்தை நம்பித் தாய்லாந்து வழியாகப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதி மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, அடித்து வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் 2024இல் மீட்கப்பட்டு வந்தார்கள். காணி இழந்த குடும்பத்துப் பிள்ளைகளே இந்த விளம்பரங்களுக்கு முதலில் அகப்படுகிறார்கள் என்பதால், வெளிநாட்டு வேலை பற்றிப் பேச்சு வரும் வீடுகளில் இதையும் பேசுங்கள்.

அந்தத் தாயை ஏமாற்றியவன் தமிழில் பேசியதை நாம் மறக்க முடியவில்லை. அரச அலுவலகத்திலும் வங்கியிலும் வேறு மொழியில் அதட்டலைக் கேட்டுப் பழகியவருக்கு, வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு “வங்கி உத்தியோகத்தர்” பொறுமையாகத் தமிழில் விளக்கம் சொன்னார். அவன் திருடனாக இருந்தான். மரியாதை அரிதாகக் கிடைக்கும் இடத்தில் மரியாதையே தூண்டிலாகிவிடுகிறது. வங்கிகள் தமது தொலைபேசிப் பிரிவில் தமிழ் பேசுவோரைப் போதிய அளவு அமர்த்தினால் அதுவும் ஒரு மோசடித் தடுப்பு முறையே.

நாம் செய்யக்கூடியவை

அழைப்பவர் எவ்வளவு தெரிந்து வைத்திருந்தாலும் அது அவர் வங்கிக்காரர் என்பதற்குச் சாட்சியாகாது. உங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? வங்கி எம்மிடம் கேள்வி கேட்கிறது, நாம் வங்கியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் எமக்குத் தரப்படவில்லை. ஆகவே எமக்கு இருக்கும் ஒரே சோதனை, அழைப்பைத் துண்டித்துவிட்டு அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நாமே அழைப்பது. திரையில் தெரியும் இலக்கத்தை நம்ப வேண்டாம். அதையும் போலியாகக் காட்ட முடியும். “இப்போதே சொல்லாவிட்டால் பணம் திரும்பிவிடும்” என்று ஒருவன் அவசரப்படுத்தினால் துண்டிப்பதற்கு அதுவே போதுமான காரணம். மரியாதைக் குறைவு என்று கூச்சப்பட வேண்டாம்.

பணம் வருவதற்குக் கணக்கு இலக்கம் ஒன்றே போதும். அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கங்களும், இரகசிய இலக்கமும், போனுக்கு வரும் ஒருமுறை இலக்கமும் பணம் வெளியே போவதற்கே தேவைப்படுகின்றன. நிவாரணம் போடுவதற்கு இவற்றைக் கேட்கும் அலுவலகம் உலகத்தில் எங்கும் இல்லை. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இந்த ஒன்றையாவது பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கண்டிக்கு வேறு அலுவலாகப் போகும் நாளில் கிளைக்குள் ஒரு தரம் நுழைந்து, உங்கள் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த திகதி அடையாள அட்டையோடு பொருந்துகிறதா, தாயின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் இன்று நீங்கள் பாவிக்கும் இலக்கமா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பணம் எடுபடும் ஒவ்வொரு தரமும் குறுஞ்செய்தி வரும்படி கேளுங்கள். வீடு கட்ட வரும் தொகையை, அட்டை இல்லாத தனிக் கணக்கொன்றில், புத்தகத்தோடு மட்டும் வைத்திருப்பது நல்லது. கையில் இருக்கும் அட்டையின் கணக்கில் மாதச் செலவுக்குரியது இருந்தால் போதும். இரகசிய இலக்கமாகப் பிறந்த ஆண்டை வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள். அட்டையை ஈடாகக் கடையில் கொடுப்பது பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே வேண்டாம் என்று மாத்திரம் சொல்லி வைக்கிறோம்.

தாயின் பெயர் என்ற கேள்விக்கு உண்மையான பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. வங்கி அதை ஓர் அடையாளச் சொல்லாகவே பாவிக்கிறது. அனுமதிக்கும் வங்கியில், வேறு எவருக்கும் தெரியாத ஒரு சொல்லைக் கொடுத்து வைக்கலாம். அது பொய் சொல்வதாகாதா என்று ஒரு சிறுசேமிப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு பாட்டி எம்மிடம் கேட்டார். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது சாவி என்று தெரிந்திருக்கும்போது அங்கே ஏமாற்றப்படுபவர் எவரும் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுவர வேண்டிய விடயமல்ல என்று பதில் சொன்னோம். சொல்லை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பட்டியல் வைத்திருப்பவர்களின் பொறுப்பு இதைவிடப் பெரியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிவித்தல் பலகையில் பயனாளிகளின் பெயர் போடுங்கள். முழு அடையாள அட்டை இலக்கம் எதற்கு? பங்கு அலுவலகமோ, சங்கமோ, அரசசார்பற்ற நிறுவனமோ, தேவை முடிந்த கொப்பிகளைக் கிழித்து எரிக்க வேண்டும். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியவிலிருந்து மக்கள் எழுப்பப்பட்ட காலத்தில் இத்தகைய பட்டியல்கள் காகிதத்தில் இருந்தன. அலுமாரிச் சாவி ஒருவரிடம் இருந்தது. இன்றைய பட்டியலுக்கு அலுமாரியே இல்லை.

பணம் போனால் அந்த நட்டம் யாருடையது? இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதியின்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. இங்கிலாந்தில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண் வரை வங்கிகள் ஈடு கொடுக்க வேண்டும். எமது நாட்டில் “நீங்களே இலக்கத்தைச் சொன்னீர்கள், ஆகவே உங்கள் கவலையீனம்” என்ற பதிலோடு பலர் வீடு திரும்புகிறார்கள். பலவீனமான கேள்விகளை வைத்திருப்பது யாருடைய கவலையீனம் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும். சங்கங்களாகச் சேர்ந்து, எழுத்தில் கேட்க வேண்டும்.

மோசடி நடந்துவிட்டால் முதலில் அட்டையை நிறுத்துங்கள். தொலைபேசியில் முடியாவிட்டால், பணம் எடுக்கும் இயந்திரத்தில் இரகசிய இலக்கத்தைப் பிழையாகத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அட்டை முடங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இணையத்தில் நடக்கும் திருட்டை அது நிறுத்தும் என்று நம்பியிராமல், கிளை திறந்ததும் வாசலில் நில்லுங்கள். பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கொப்பியில் திகதி முத்திரை வாங்குங்கள். அழைப்பு வந்த திகதி, நேரம், இலக்கம், அவன் சொன்னவை, குறுஞ்செய்திகள், நீங்கள் வங்கியை அழைத்த நேரம், அங்கே கிடைத்த பதில் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம்; நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கணினி சார்ந்த மோசடிகளுக்கு ஆலோசனை தரும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101.

நாம் மேலே சொன்ன தாயின் கடிதம் தமிழிலேயே எழுதப்பட்டது. வங்கிக் கிளையில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அவருடைய மகன் பணிவாகச் சொன்னான். கடிதத்தை வாங்கி, கொப்பியில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.